அமராவதிக் கரை மணலில் எலுமிச்சை வளர்க்க

எங்கள் வீடு கரூருக்குத் தெற்கே, அமராவதி ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார், "மணலுக்கு வெளியே போக வேண்டாம்ங்க, உங்க மண்ணே மணல்தானுங்க" என்று சிரித்தார். எலுமிச்சை நட்டபோதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிந்தது. ஒரு குடம் ஊற்றிவிட்டு அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் குழி வறண்டு கிடக்கும். மூன்று கன்றைப் பறிகொடுத்து, நாலாவது கன்று பிழைத்து, இப்போது அது ஏழு வயது மரமாக நின்று வீட்டுக்குப் போக மீதியைப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கிறது. காவிரிக் கரை, பவானி ஓரம், நொய்யல் ஓரம், ஓடைப் பக்கம் பிரித்த சைட் என்று மணல் பூமியில் வீடு கட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலோரத்தில் வாக்கப்பட்டுப் போன தங்கச்சிமார்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் மனதில் இருக்கிற பயத்தை எடுத்துப் போடுங்கள். மணல் எலுமிச்சைக்கு எதிரி இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் பெரும்பாலும் மணலில்தான் வளர்ந்தன. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி எல்லாவற்றுக்கும் வேர்ப் பக்கம் காற்று வேண்டும், காலடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. கரிசலிலும் களிமண்ணிலும் அழுகிச் சாகிற மரங்கள்தான் அதிகம். மணலில் மரம் பட்டினியால் சாகும், ஏனென்றால் மணலுக்கு மடி கிடையாது, கொடுத்ததைக் கட்டி வைத்துக்கொள்ளத் தெரியாது. அதைவிட, நம் கொங்குப் பக்கத்தில் மணலைக் குற்றம் சொல்லிக்கொண்டே நாம் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கொல்கிறோம். என் முதல் கன்று அப்படித்தான் போனது.

அதனால் மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். ஆர்ஓ மெஷின் விற்கிறவர்கள் கையில் வைத்திருப்பார்களே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர், அது போதும். போர் தண்ணீர் 600, 700க்குள் காட்டினால் கவலை இல்லை. ஆயிரத்தைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி எலுமிச்சை வைக்காதீர்கள், பயிர்களிலேயே உப்பு தாங்காத கூட்டத்தைச் சேர்ந்தது இது. இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி பழுப்பாகி, பிறகு இலை உதிர்ந்தால் அது பெரும்பாலும் உப்புதான். சாயத் தண்ணீர் பாய்ந்த நொய்யல் பாசனத்தில் கிணறுகள் என்ன ஆனது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும், நிலத்தடியில் ஏறிய உப்பு ஒரே மழையில் இறங்கிவிடவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று நல்ல மனதோடு எலுமிச்சைக்கு விடுவார்கள். நானும் விட்டேன். வீட்டுக்குள் நாம் வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் கெட்டியாகச் சேர்ந்திருப்பது அதில்தான், வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரும் வேண்டாம். அம்முச்சி வீட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் நாரத்தை செழிப்பாக நின்றதே என்று கேட்பீர்கள். அது கிணற்று நல்ல தண்ணீர், கட்டி சோப்பு, அதுவும் வாரம் இரண்டு நாள். தவிர நாரத்தை கொஞ்சம் முரட்டு ஜாதி.

மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்துவைத்து மாற்றி மாற்றி விடுவது நல்ல வழி. உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் நாலு நாளைக்குத் தெளித்துத் தெளித்து விடாமல், விடுகிற நாளில் நன்றாக விடுங்கள், உப்பு வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். மணலில் உள்ள ஒரே பெரிய லாபம் இதுதான், களிமண்ணில் இப்படிக் கழுவ முடியாது. இலையில் மட்டும் உப்புத் தண்ணீர் படக் கூடாது, இலை வழியாகவே உப்பை உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்தில் இருப்பவர்கள், உப்புக் காற்று அடித்த நாட்களில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

சரி, மண். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல், இரண்டு மூன்று மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாள் வரை கலங்கலாக நிற்பது களி. எங்கள் மண்ணில் முக்காலே மூணு வீசம் முதல் நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அப்புறம் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கல்லைப் பொடித்து வினிகரை ஊற்றினால் நுரைக்கும், நுரைத்தால் சுண்ணாம்பு. எலுமிச்சை வளர்க்க முடியாது என்று அர்த்தம் இல்லை, இலை மஞ்சளாகும் பிரச்சினை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

கன்று வாங்குவதில் மூன்று வழி. விதைக் கன்று, பதியக் கன்று, ஒட்டுக் கன்று. எலுமிச்சை விதையில் ஒரு வேடிக்கை, ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், அவற்றில் பெரும்பாலானவை அப்படியே தாயைப் போலவே இருக்கும். அதனால் நல்ல மரத்துப் பழத்தின் விதையைப் போட்டால் ஏமாற மாட்டோம், ஆனால் காய்க்க நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும், முள்ளும் அதிகம். பதியம் சீக்கிரம் காய்க்கும். ஆனால் அதற்கு ஆணிவேர் இருக்காது, நம் மணலிலும் நம் காற்றிலும் பதியக் கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளரும், என் இரண்டாவது கன்று அப்படிச் சாய்ந்து ஒரு ஆனி மாதக் காற்றில் வேரோடு படுத்துவிட்டது. என் ஓட்டு ஒட்டுக் கன்றுக்கு, அது இல்லாவிட்டால் பொறுமையோடு விதைக் கன்றுக்கு. ஒட்டுக் கன்று என்றால் எதன் மேல் ஒட்டியது என்று நர்சரியில் கேளுங்கள். ஜம்பேரி என்கிற முரட்டு எலுமிச்சையின் வேர் மணலில் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும். ரங்பூர் எலுமிச்சை வேர் உப்பையும் சுண்ணாம்பையும் மற்றதைவிட நன்றாகத் தாங்கும், உங்கள் தண்ணீர் சுமார் என்றால் அதைத் தேடி வாங்குவது நல்லது. கேள்விக்குப் பதில் தெரியாத நர்சரியாக இருந்தால் வேறு நர்சரி பாருங்கள். ரகத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 வீட்டுக்கு நிறைவானது, குலை குலையாகக் காய்க்கும், சாறும் அதிகம். கமலா ஆரஞ்சு ஆசைப்படுகிறவர்கள் ஏற்காட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், கரூர் வெயிலில் அது வேண்டாத வேலை. சாத்துக்குடி வரும்.

குழி இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, ஆழமும் அதே. மணலில் பக்கச் சுவர் சரியும், அதனால் மூன்று அடி அகலம் வந்தாலும் பரவாயில்லை. மதில் சுவரிலிருந்து எட்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். இனி குழியை எதால் நிரப்புவது என்பதில்தான் மணல் பூமியின் வெற்றி தோல்வி எல்லாம் இருக்கிறது. எங்கள் அப்பாரு காலத்தில் கோடையில் குளத்து வண்டலை மாட்டு வண்டியில் அடித்து மணல் காட்டில் கொட்டுவார்கள். அதற்கு இணையான வைத்தியம் இன்னும் வரவில்லை. எரு ஒரு வருடத்தில் கரைந்து போகும், வண்டலில் இருக்கும் களி போகாமல் அங்கேயே நின்று தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். நான் போட்ட கணக்கு: தோண்டிய மண்ணில் பாதி, குளத்து வண்டல் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், மீதி நன்றாக மக்கிய தொழு எரு. கூட ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. எரு சத்து என்று குழி நிறைய எருவாகவே கொட்டக் கூடாது, அது மக்கி அமுங்கும்போது கன்றும் கூடவே இறங்கி, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போய்விடும். குழியை நிரப்பி இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட்டு, மூன்று வாரம் அமுங்க விட்டு, பிறகு நடுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேல் அரை அடி நிற்க வேண்டும்.

தென்னை நார்க்கழிவு பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் கிடக்கிறது, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், மணலுக்குக் கடவுள் கொடுத்த வரம் என்று நானும் ஒரு டிராக்டர் லோடு இறக்கினேன். பச்சைக் கழிவு. அதில் உப்பும் இருக்கும், மக்கும்போது மண்ணிலிருந்த தழைச்சத்தையும் தானே தின்றுவிடும். மூன்றாவது கன்று மஞ்சள் பூத்துப் போனது அதனால்தான். நன்றாகக் கழுவியதோ மக்க வைத்ததோ மட்டும் வாங்குங்கள், அதையும் குழியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்.

எப்போது நடுவது? ஆடிப் பட்டம் விதைக்குத்தான், எலுமிச்சைக் கன்றுக்கு இல்லை. வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் பல்லடத்திலிருந்து தாராபுரம், உடுமலை வரை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் புதுக் கன்று வேர் பிடிக்காது, மணலும் மேல் மண்ணும் பறக்கும், தளிர் முள்ளில் உரசிக் கிழியும், கிழிந்த இடத்தில் சொறி நோய் நுழையும். புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதலில் நடுங்கள். வடகிழக்குப் பருவ மழை கையோடு வந்து பிடித்துக்கொள்ளும், அடுத்த காற்றுக்குள் கன்றுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். இடம் இருந்தால் மேற்கே கிளுவை வேலியோ அகத்தியோ ஒரு வரிசை வையுங்கள். முழுச் சுவரைவிடக் காற்றைச் சலித்து அனுப்புகிற வேலிதான் மரத்துக்கு நல்லது, சுவர் மேல் ஏறிக் குதிக்கிற காற்று அந்தப் பக்கம் சுழன்று அடிக்கும். கன்றுக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டு, சணலால் எட்டுப் போட்டு லூசாகக் கட்டுங்கள்.

தண்ணீர் கட்டும் பாத்தியைப் பலபேர் தண்டைச் சுற்றிக் கிண்ணம் போல் போட்டு அதிலேயே ஊற்றுகிறார்கள். தண்டு ஈரமாகவே இருந்தால் அடியில் பட்டை வெடித்துப் பிசின் வடியும், பிறகு மரம் கையில் நிற்காது. தண்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்ட வாய்க்கால் போல் பாத்தி எடுங்கள். மரம் விரிய விரிய பாத்தியும் விரிய வேண்டும், கிளையின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கேதான் தண்ணீர் குடிக்கிற வேர் இருக்கும்.

அளவு என்ன? புதுக் கன்றுக்குக் கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பத்து லிட்டர். பத்தடி விரிந்த மரத்துக்குக் கோடையில் நாளைக்குச் சுமார் இருபது லிட்டர் என்று கணக்கு வைத்து, மூன்று நாளைக்கு ஒரு தரம் அறுபது லிட்டராக விடலாம். ஒரே நாளில் இருநூறு லிட்டர் விட்டுப் பத்து நாள் சும்மா இருக்கலாம் என்ற களிமண் கணக்கு இங்கே ஓடாது, பாதித் தண்ணீர் வேரைத் தாண்டி அமராவதிக்கே திரும்பிப் போய்விடும். சொட்டு நீர் போட்டால் மணலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், அதனால் ஒரு சொட்டுவான் போதாது, சுற்றி நாலைந்து வையுங்கள். சொட்டு நீரில் உப்பு ஈரத்தின் ஓரத்தில் வட்டமாகப் பூத்து நிற்கும். கோடை முடிந்து வருகிற முதல் தூறல் அந்த உப்பை வேர்ப்பக்கம் தள்ளிவிடும், ஆகையால் முதல் தூறல் அன்று மோட்டாரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

மூடாக்கு கட்டாயம். தென்னை ஓலை, காய்ந்த சருகு, கடலைப் பொட்டு, எது கிடைக்கிறதோ அது, நாலு விரல் கனத்துக்கு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பாத்தியின் அடியில் தேங்காய் மட்டையை நார்ப் பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

உரத்திலும் அதே நியாயம்தான், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நட்டு இரண்டு மாதம் ஒன்றும் வேண்டாம். அப்புறம் முதல் வருடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கு, மாதம் ஒருமுறை ஐம்பது கிராம் அம்மோனியம் சல்பேட், ஐப்பசியில் பத்து கிலோ தொழு எரு. யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட்டை நான் விரும்புவது, சுண்ணாம்புத் தண்ணீர் பாய்கிற மண்ணில் அது கொஞ்சம் புளிப்பை ஏற்றும் என்பதால். எருவை வருடத்துக்கு ஐந்து கிலோவாகக் கூட்டி முப்பதில் நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டுப் புழுக்கை கிடைத்தால் விடாதீர்கள், மாட்டெருவைவிடச் சத்து அதிகம், ஆனால் மக்கவிட்டுப் போடுங்கள். சாம்பல் சத்துக்குச் சிவப்புப் பொட்டாஷ் என்றால் அதில் குளோரைடு இருக்கிறது, தண்ணீரிலேயே உப்பு இருக்கும்போது அது எதற்கு, சல்பேட் வகைப் பொட்டாஷ் வாங்குங்கள்.

இலையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பழைய இலை முழுதாக வெளிறினால் தழைச்சத்து போதவில்லை. பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு வடிவில் நின்று மற்றதெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் வலை போலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. புது இலை சிறுத்து, கூராகி, நரம்புகளுக்கு நடுவில் திட்டுத் திட்டாக மஞ்சள் இருந்தால் துத்தநாகம். மணலில் கடைசி இரண்டும் அடிக்கடி வரும், நம் சுண்ணாம்புத் தண்ணீர் அதைக் கூட்டும். துத்தநாகத்துக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் சிங்க் சல்பேட், அதில் பாதி நீர்த்த சுண்ணாம்பு, வடிகட்டித் தளிர் முக்கால் விரிந்ததும் மாலையில் அடியுங்கள். இரும்புக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அதோடு அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஆமாம், மரத்துக்கு மருந்து அதன் காயிலேயே இருக்கிறது, புளிப்பு சேர்ந்தால்தான் இரும்பு கெட்டியாகிப் படியாமல் நிற்கும். தண்டில் ஆணி அடிப்பது, வேரில் துருப்பிடித்த இரும்பைப் புதைப்பது எல்லாம் வீண். சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை, அது கரையாமல் கிடப்பதுதான் பிரச்சினை, ஆணியும் அப்படியே கரையாமல் கிடக்கும்.

பூச்சி, நோயில் முக்கியமானதைச் சொல்லி விடுகிறேன். தளிர் இலைக்குள் வெள்ளியில் கோலம் போட்டது போல் நெளிநெளியாகத் தெரிவது இலைத் துளைப்பான், ஐம்பது கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து வடிகட்டித் தளிர் விடும்போதே அடியுங்கள். குருவி எச்சம் போல இலை மேல் உட்கார்ந்திருப்பது பட்டாம்பூச்சிப் புழு, வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும், கையால் எடுத்தால் போதும், கன்று பெரிதாகிவிட்டால் இரண்டை விட்டும் வைக்கலாம், பட்டாம்பூச்சி வந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி வந்தால் சொறி நோய். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு மூன்று கிராம் மழைக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். வேரில் நூற்புழு மணலில்தான் கும்மாளம் போடும், மரத்தைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டு வையுங்கள், குறையும். ஒட்டுக்குக் கீழே முளைத்து வருகிற போத்தை, அதாவது புதுத் தளிர்க் கிளையை, பார்த்த அன்றே கிள்ளுங்கள், விட்டால் ஜம்பேரி மரம்தான் வளரும், ஒட்டு செத்துப் போகும்.

அடியில் பிசின் வடிந்தால் அந்தப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும் நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஒன்றாகக் கலக்கித் தூரிகையால் பூசுங்கள். வருடம் ஒருமுறை சும்மாவே இரண்டடி உயரத்துக்குப் பூசிவிடுவது என் வழக்கம்.

காய்ப்புக்கு வந்த மரத்தைப் பூக்க வைக்கக் கொஞ்சம் வாட விட வேண்டும், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் களிமண்ணில் ஒரு மாதம் காய விடுகிற இடத்தில் மணலில் பத்துப் பன்னிரண்டு நாள் போதும், இலை காலையிலும் சுருண்டே இருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். பூத்ததிலிருந்து பழமாக ஐந்தாறு மாதம் ஆகும். இடையில் காய விட்டுத் திடீரென்று நிறைய விட்டால் தோல் தாங்காமல் காய் வெடிக்கும். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளக்கோவில் போய் ஆறு நாள் தங்கிவிட்டு வந்து, பாவம் மரம் என்று நூறு லிட்டரை மொத்தமாகத் திறந்துவிட்டேன். நாலாம் நாள் ஒரு வாளி வெடித்த காய். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துவிட்டார். இன்னும் அதைத்தான் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.